பெரிய நாய்களோடு ஆர்.வி.யில் அமெரிக்காவைக் கடப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைக்கு ஆர்.வி.யில் (உள்ளேயே சமைத்து, படுத்து, தங்கும் வீட்டு வண்டியில்) போகப்போகிறோம், கூடவே இரண்டு பெரிய நாய்களும் வருகின்றன, என்னவெல்லாம் யோசிக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன் மாதிரி 60 பவுண்டுக்கு மேற்பட்ட நாய்களை மனதில் வைத்து எழுதியது. சின்ன நாயைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டே பாதிச் சிக்கலைத் தாண்டிவிடலாம். இவற்றிடம் அது நடக்காது.

திட்டமிடுவதை எங்கிருந்து தொடங்குவது?

வரைபடத்திலிருந்து தொடங்காதீர்கள். நாயைக் கூட்டிக்கொண்டு போக முடியாத எந்தெந்த இடங்களில் நீங்கள் இறங்கப்போகிறீர்கள் என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்: அருங்காட்சியகம், உணவகம், தேசியப் பூங்காவின் மலைப்பாதை, மளிகைக் கடை, துணி துவைக்கும் இடம். ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்த நேரத்தில் நாய் எங்கே இருக்கும், அங்கே வெயில் எப்படி, கூட யார் இருப்பார்கள் என்று குறியுங்கள். எதிர்ப்பக்கம் காலியாக நிற்கும் வரிகள்தான் உங்கள் பயணத்தின் உண்மையான சிக்கல். எந்த வண்டி, எந்தப் பாதை, எந்த மாதம் என்பதெல்லாம் அந்த வரிகளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியவை.

எந்த வகை வண்டி நல்லது?

நீளத்தைப் பார்ப்பதற்கு முன் தரையைப் பாருங்கள். ஸ்லைடு அவுட் உள்ள வண்டிகளில் ஒரு பக்கச் சுவர், நிறுத்திய பிறகு வெளியே நீண்டு அறையைப் பெரிதாக்கும். விற்பனைக் கூடத்தில் அதை விரித்து வைத்துத்தான் காட்டுவார்கள். மூடச் சொல்லிப் பாருங்கள். ஓடும்போது மிஞ்சும் அந்த இடத்தில் இரண்டு நாய்கள் படுக்க முடியுமா, அவற்றைத் தாண்டி நீங்கள் கழிப்பறைக்குப் போக முடியுமா? பல அழகான வண்டிகள் இந்தக் கேள்வியிலேயே தோற்றுவிடும்.

அடுத்தது எடை. வண்டியின் கதவருகே ஒட்டியிருக்கும் சீட்டில் அது தாங்கக்கூடிய கூடுதல் எடை போட்டிருக்கும். தண்ணீர் ஒரு கேலனுக்கு 8.3 பவுண்டு, 40 கேலன் தொட்டி நிறைந்தால் 330 பவுண்டுக்கு மேல். 80 பவுண்டு நாய்கள் இரண்டு, அவற்றின் தீவன மூட்டை, நீங்கள், உங்கள் சாமான் எல்லாம் அதன்மேல். கிளாஸ் சி எனப்படும், வேன் முன்பகுதிக்குப் பின்னால் வீடு போன்ற அறை கட்டிய வண்டிகள் சிலவற்றில் இந்த அளவு வியக்கும்படி குறைவு. எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு லாரி நிறுத்தங்களில் இருக்கும் எடை மேடையில் ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.

என் விருப்பத்தைக் கேட்டால், 25 முதல் 27 அடி வரையிலான கிளாஸ் சி. அதைவிட நீளமானால் பழைய தேசியப் பூங்கா கேம்ப்கிரவுண்டுகள் (வண்டியை நிறுத்தித் தங்கும் இடங்கள்) பலவற்றில் இடம் கிடைப்பது கஷ்டம். கிளாஸ் பி, அதாவது உள்ளே தங்கும்படி மாற்றிய வேன், ஓட்டச் சுகமானது. ஆனால் மழை நாளில் நனைந்த இரண்டு பெரிய நாய்களோடு அதற்குள் உட்கார்ந்திருப்பதை ஒரு நிமிடம் கற்பனை செய்துவிட்டு வாங்குங்கள். இழுத்துச் செல்லும் டிரெய்லர் என்றால் நாய் இழுக்கும் வண்டியின் பின் இருக்கையில்தான் வர வேண்டும். ஓடும் டிரெய்லருக்குள் நாயை விடவே கூடாது.

வாடகை ஆர்.வி.யில் நாய்களை ஏற்றலாமா?

ஏற்றலாம். குரூஸ் அமெரிக்கா போன்ற பெரிய நிறுவனம் அனுமதிக்கிறது. அவுட்டோர்சி, ஆர்.வி.ஷேர் போன்ற தளங்களில் நாயை ஏற்கும் உரிமையாளர்களை மட்டும் வடிகட்டித் தேடலாம். எத்தனை நாய், என்ன எடை என்பதை எழுத்தில் சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். திருப்பிக் கொடுக்கும்போது முடி இருந்தால் சுத்தம் செய்யும் கட்டணம் தனி. நாயின் நகம் கிழிக்கக்கூடிய கொசுவலைக் கதவை, வண்டியை வாங்கிக்கொள்ளும்போதே படம் பிடித்து வையுங்கள்.

ஓடும்போது நாய் எங்கே இருக்க வேண்டும்?

கட்டப்பட்டு, அல்லது கூண்டில். சோபாவில் சுதந்திரமாகப் படுத்திருக்கும் 80 பவுண்டு நாய், வேகமாக பிரேக் அடித்தால் ஓட்டுநர் இருக்கை வரை பறந்து வரும். விபத்துச் சோதனை செய்யப்பட்ட ஹார்னஸ், கூண்டு எவை என்று சென்டர் ஃபார் பெட் சேஃப்டி என்ற லாப நோக்கற்ற அமைப்பு சோதித்துப் பட்டியல் வெளியிடுகிறது. வாங்கும் முன் எடை வரம்பைப் பாருங்கள். மிகப் பெரிய நாய்களுக்குப் பொருந்துபவை கொஞ்சம்தான். கூண்டை வைத்தால் மட்டும் போதாது, தரையிலோ சட்டத்திலோ பிணைக்க வேண்டும்.

இன்னொன்று: ஸ்லைடு அவுட்டை இழுக்கும்போதும் விரிக்கும்போதும் நாய்கள் வண்டிக்கு வெளியே ஒருவர் கையில் இருக்க வேண்டும். அந்த மோட்டார் வால் எது கால் எது என்று பார்க்காது.

ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டலாம்?

ஆர்.வி.காரர்களிடையே 3-3-3 என்று ஒரு விதி புழங்குகிறது: ஒரு நாளில் 300 மைலுக்கு மேல் வேண்டாம், மாலை 3 மணிக்குள் சேர்ந்துவிடு, சேர்ந்த இடத்தில் 3 நாள் இரு. பெரிய நாய்கள் இருந்தால் 300-ஐ 250 ஆக்கிக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, இறக்கி, நடக்கவிட்டு, தண்ணீர் காட்டி, திரும்ப ஏற்றிக் கட்ட இருபது நிமிடமாவது ஆகும். டிரெய்லர் டயர்கள் பல மணிக்கு 65 மைல் வேகத்துக்கே உத்தரவாதம் தருபவை என்பதால் விட்ட நேரத்தை வேகமாக ஓட்டிப் பிடிக்கவும் முடியாது.

கணக்குப் போடுங்கள். கடலுக்குக் கடல் ஏறக்குறைய 3,000 மைல். 250 வீதம் 12 ஓட்ட நாட்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை ஓட்டினால் ஐந்து வாரம். இரண்டு வார விடுப்பில் போய்த் திரும்ப நினைப்பவர்கள் நாயை உறவினர் வீட்டில் விடுவதே நாய்க்குச் செய்யும் நல்லது.

எந்தப் பாதை, எந்த மாதம்?

கோடையில் வடக்கு, குளிர்காலத்தில் தெற்கு. சியாட்டிலிலிருந்து பாஸ்டன் வரை போகும் ஐ-90 ஜூன் முதல் செப்டம்பர் வரை சரி. சான்டா மோனிகாவிலிருந்து ஜாக்சன்வில் வரை போகும் ஐ-10-ஐ நவம்பர் முதல் மார்ச் வரை வைத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் ஃபீனிக்ஸ் வழியாகப் போவதற்கு எந்த நியாயமும் இல்லை. அங்கே அந்த மாதத்தில் பகல் வெயில் சர்வசாதாரணமாக 105 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும்.

வேறு வழியில்லை என்றால் உயரத்தைப் பயன்படுத்துங்கள். 1,000 அடி ஏறினால் சுமார் மூன்றரை டிகிரி குறையும். ஃபீனிக்ஸ் 1,100 அடி உயரத்தில் இருக்கிறது, ஃபிளாக்ஸ்டாஃப் 7,000 அடியில். இரண்டரை மணி நேர ஓட்டத்தில் இருபது டிகிரி வித்தியாசம் கிடைக்கும். ஆனால் மேலே போகப் போக ஜெனரேட்டரின் சக்தியும் 1,000 அடிக்கு மூன்றரை சதவீதம் அளவில் குறையும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஏசி போட்டு நாயை வண்டியிலேயே விட்டுவிட்டு வெளியே போகலாமா?

எல்லோரும் கேட்பது இதுதான், எல்லோரும் அவசரமாகப் பதில் சொல்லிக்கொள்வதும் இதற்குத்தான். போகலாம், ஆனால் ஏசி நின்றால் என்ன நடக்கும் என்பதற்குப் பதில் இருந்தால் மட்டும்.

வெளியே இதமான 70 டிகிரி இருக்கும்போதே மூடிய காரின் உள்ளே 10 நிமிடத்தில் 89, அரை மணியில் 104 டிகிரி ஆகிவிடும் என்று அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் அட்டவணை சொல்கிறது. ஆர்.வி. காரைவிடப் பெரிது, கொஞ்சம் மெதுவாகச் சூடாகும். ஆனால் மெல்லிய சுவரும் முன்பக்கம் அகலக் கண்ணாடியும் சேர்ந்தால் அதிக அவகாசம் கிடைக்காது.

ஏசி எப்படி நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கேம்ப்கிரவுண்டின் 30 ஆம்ப் மின் இணைப்பு தருவது 3,600 வாட். அதில் ஓர் ஏசி ஓடும். கூடவே மைக்ரோவேவும் தண்ணீர் ஹீட்டரும் ஓடினால் பிரேக்கர் விழும். பிற்பகல் மூன்று மணிக்கு கேம்ப்கிரவுண்டில் எல்லா வண்டியிலும் ஏசி ஓடும்போது மின்னழுத்தம் சரியும். நல்ல மின்காப்புக் கருவி வைத்திருந்தால், 104 வோல்ட்டுக்குக் கீழே போனதும் ஏசியைக் காப்பாற்றுவதற்காக அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அதாவது கருவி ஒழுங்காக வேலை செய்வதாலேயே ஏசி நிற்கும், அதுவும் நாளின் உச்ச வெயிலில்.

ஆகவே வெப்பமானி ஒன்று வேண்டும். அதற்குச் சொந்த பேட்டரியும் சொந்த சிம்மும் இருக்க வேண்டும். வைஃபையை நம்பும் கருவி வேண்டாம். மின்சாரம் போனால் ரவுட்டரும் போகும், எச்சரிக்கையும் வராது. மின்சாரம் போனதும் தானாக ஓடத் தொடங்கும் ஜெனரேட்டர் இருந்தால் இன்னும் நல்லது. இவ்வளவும் இருந்தாலும் செல்பேசி சிக்னல் இல்லாத பள்ளத்தாக்கில் நீங்கள் நடந்துகொண்டிருந்தால் செய்தி உங்களுக்கு வராது. நான் வைத்துக்கொள்ளும் வரம்பு எளிது: சிக்னல் உள்ள இடம், இருபது நிமிடத்தில் வண்டிக்குத் திரும்பக்கூடிய தூரம். வெளியே 80 டிகிரிக்கு மேல் என்றால் இருவரில் ஒருவர் நாயோடு. அல்லது அருகிலுள்ள ஊரில் நாய்களுக்கான பகல் காப்பகம். அதற்கு முன்பதிவும், பெரும்பாலும் கென்னல் இருமலுக்கான போர்டெடெல்லா தடுப்பூசிச் சான்றும் கேட்பார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பல கேம்ப்கிரவுண்டுகள் நாயை வண்டிக்குள் தனியே விடுவதையே தடை செய்கின்றன. தேசியப் பூங்காக்களில் நாயை எதிலாவது கட்டிப்போட்டுவிட்டுப் போவது கூட்டாட்சி விதிப்படி தவறு.

தேசியப் பூங்காக்களில் நாய்களுக்கு அனுமதி உண்டா?

உண்டு, ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை. பொதுவாகச் சொன்னால் கார் போகும் இடத்துக்கு நாய் போகலாம்: சாலை, வாகன நிறுத்தம், கேம்ப்கிரவுண்ட். மலைப்பாதைகளில் பெரும்பாலும் கிடையாது. எங்கே இருந்தாலும் கயிறு 6 அடிக்குள்.

யெல்லோஸ்டோனில் சாலை, வாகன நிறுத்தம், கேம்ப்கிரவுண்ட் ஆகியவற்றிலிருந்து 100 அடிக்குள்ளேயே நாய் இருக்க வேண்டும். வெந்நீர் ஊற்றுகளின் மரப்பாதையில் காலே வைக்கக் கூடாது. கெடுபிடி என்று முணுமுணுப்பவர்கள் 1981-இல் அங்கே நடந்ததை அறிந்தால் போதும். டிரக்கிலிருந்து தப்பி ஓடிய ஒரு பெரிய நாய் கொதிக்கும் ஊற்றில் பாய்ந்தது. அதைக் காப்பாற்றக் குதித்த மனிதரும் இறந்தார், நாயும் இறந்தது.

கிரேட் ஸ்மோக்கி மலைகளில் நாய்க்கு இரண்டே இரண்டு பாதைகள். சயானில் பாரஸ் பாதை ஒன்றுதான். ராக்கி மலைப் பூங்காவின் மலைப்பாதைகளில் ஒன்றுகூட இல்லை. கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பில் மேலே விளிம்போடு நடக்கலாம், பள்ளத்தாக்குக்குள் இறங்கக் கூடாது. மவுன்ட் ரஷ்மோரில் சிலைகளைப் பார்க்கும் மேடைக்கு நாயைக் கொண்டுபோக முடியாது.

தாராளமான இடங்களும் இருக்கின்றன. அக்கேடியாவில் 100 மைல் மலைப்பாதையும் 45 மைல் பழைய குதிரைவண்டிப் பாதையும் நாய்களுக்குத் திறந்தவை. ஷெனன்டோவாவில் சுமார் 500 மைல் பாதைகளில் 20 மைலுக்கும் குறைவாகவே தடை. ஒயிட் சாண்ட்ஸில் வெள்ளை மணல்மேட்டில் நாயோடு நடக்கலாம். பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் பாதைகளிலும் நடக்கலாம். பயணத்தின் நடுவில் இவற்றில் இரண்டைச் செருகினால் நாய்களுக்கும் அது விடுமுறையாகும்.

உண்மையில் நாய்க்காரர்களுக்கு உகந்தவை தேசியப் பூங்காக்கள் அல்ல, அவற்றை ஒட்டிக் கிடக்கும் தேசியக் காடுகள். கிராண்ட் கேன்யன் பக்கத்தில் கைபாப், யெல்லோஸ்டோன் பக்கத்தில் கஸ்டர் கேலடின், மவுன்ட் ரஷ்மோரைச் சுற்றி பிளாக் ஹில்ஸ். பெரும்பாலான பாதைகளில் நாய் போகலாம், பல இடங்களில் 14 நாள் வரை கட்டணமில்லாமல் தங்கலாம். காட்டில் தங்கிக்கொண்டு, ஒருவர் நாயோடு இருக்க, மற்றவர் அதிகாலையில் பூங்காவைப் பார்த்துவிட்டு வருவது நல்ல ஏற்பாடு. மறுநாள் முறை மாறும்.

சில இனங்களை கேம்ப்கிரவுண்டில் ஏற்க மாட்டார்களாமே?

தனியார் இடங்கள் சிலவற்றில் உண்மைதான். காப்பீட்டைக் காரணம் காட்டி பிட்புல், ராட்வைலர், டோபர்மன், சில இடங்களில் ஜெர்மன் ஷெப்பர்டையும் மறுப்பார்கள். எண்ணிக்கை வரம்பும் உண்டு, பெரும்பாலும் இரண்டோ மூன்றோ. முன்பதிவின்போதே இனத்தைச் சொல்லிவிடுங்கள். இரவு எட்டு மணிக்கு வாசலில் வாதாடுவதில் பயனில்லை. மாநிலப் பூங்கா, தேசியக் காடு, தேசியப் பூங்கா கேம்ப்கிரவுண்டுகளில் இனத் தடை பொதுவாக இருக்காது.

என்னென்ன காகிதங்கள் வேண்டும்?

ரேபிஸ் தடுப்பூசிச் சான்றிதழ், மருத்துவர் கையெழுத்தோடு. கழுத்தில் தொங்கும் தகடு மட்டும் போதாது. பல மாநிலங்கள் வெளியிலிருந்து வரும் நாய்க்குக் கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்று வேண்டும் என்று சட்டத்தில் வைத்திருக்கின்றன. அது பொதுவாக 30 நாள் செல்லும். சாலையில் நிறுத்திக் கேட்பது அபூர்வம், நாய் யாரையாவது கடித்தால் கேட்பார்கள். மைக்ரோசிப் பதிவில் இப்போதைய செல்பேசி எண் இருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள்.

கனடா வழியாக அலாஸ்காவுக்கோ நயாகராவின் மறுபக்கத்துக்கோ போனால் திரும்பி வரும்போது கவனம். 2024 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்காவுக்குள் வரும் எந்த நாய்க்கும் குறைந்தது ஆறு மாத வயது, மைக்ரோசிப், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் இணையப் படிவ ரசீது மூன்றும் வேண்டும். படிவம் இலவசம். கனடா போன்ற ரேபிஸ் ஆபத்து குறைந்த நாடுகளிலிருந்து வருவதற்கு அந்த ரசீது ஆறு மாதம் செல்லும்.

மருத்துவரிடம் என்ன பேச வேண்டும்?

கிளம்ப இரண்டு மாதம் முன்பே போங்கள். லைம், லெப்டோஸ்பைரோசிஸ் நோய்களுக்கான தடுப்பூசிகள் முதல்முறை போடும்போது சில வார இடைவெளியில் இரண்டு தவணை. எந்தெந்த மாநிலங்கள் என்று பட்டியல் கொடுங்கள், ஏனென்றால் ஆபத்து ஊருக்கு ஊர் மாறும். வடகிழக்கிலும் மேல் மத்திய மேற்கிலும் லைம் பரப்பும் உண்ணிகள். தென்கிழக்கில் கொசு வழியாக இதயப்புழு. அரிசோனாவின் புழுதியைத் தோண்டும் நாய்க்கு வேலி ஃபீவர் என்ற பூஞ்சை நோய் வரலாம். பசிபிக் வடமேற்கில் ஆற்றோரம் கிடக்கும் பச்சை சால்மன் மீனைத் தின்றால் வரும் நோய், சிகிச்சை தராவிட்டால் நாயைக் கொன்றுவிடும். கோடையில் பச்சைப் பாயாசம் போலத் தெரியும் ஏரித் தண்ணீரில் நாயை இறக்கவே வேண்டாம், அது நச்சுப் பாசி.

பெரிய நாய்களுக்கென்றே ஒரு ஆபத்து இருக்கிறது: இரைப்பை காற்றால் உப்பி முறுக்கிக்கொள்வது. கிரேட் டேன், ஷெப்பர்ட் மாதிரி ஆழமான மார்புள்ள இனங்களில் அதிகம். வாந்தி எடுக்கப் பார்க்கும், எதுவும் வராது, வயிறு இறுகி உப்பும், எச்சில் ஒழுகும், ஓரிடத்தில் நிற்காது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தால் காலையில் நாய் இருக்காது. சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை வேண்டும். இதற்காகவே ஒவ்வொரு இரவுத் தங்கலுக்கும் அருகிலுள்ள 24 மணி நேரக் கால்நடை மருத்துவமனையின் முகவரியையும் தூரத்தையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். மேற்கு மாநிலங்களில் அது இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கலாம். ஆபத்து அதிகமுள்ள இனம் என்றால், இரைப்பையை உடல் சுவரோடு தைத்து முறுக்கைத் தடுக்கும் அறுவையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

நஞ்சு சந்தேகம் வந்தால் ஏ.எஸ்.பி.சி.ஏ. என்ற விலங்கு நல அமைப்பின் நஞ்சு மையம் 888-426-4435, கட்டணம் கேட்கக்கூடும்.

ஸ்கங்க் என்ற விலங்கு தன் நாற்றத் திரவத்தை நாய்மேல் பீய்ச்சிவிட்டால்?

தக்காளிச் சாறு நாற்றத்தை மறைக்குமே தவிர எடுக்காது. பால் கிரெபாம் என்ற வேதியியலாளர் 1993-இல் வெளியிட்ட கலவைதான் வேலை செய்யும்: 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு குவார்ட் (லிட்டருக்குச் சற்றுக் குறைவு), பேக்கிங் சோடா கால் கப், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு டீஸ்பூன். கண்ணில் படாமல் தேய்த்து, ஐந்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். பெரிய நாய்க்கு இரண்டு மடங்கு வேண்டும். மிச்சத்தை மூடி வைக்காதீர்கள், வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும். நாய் வண்டிக்குள் ஏறுவதற்கு முன்பே இதையெல்லாம் முடித்துவிட வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

தீவனம், தண்ணீர்?

ஒரு பவுண்டு எடைக்கு நாளுக்கு ஓர் அவுன்ஸ் தண்ணீர் என்பது தோராயக் கணக்கு. 80 பவுண்டு நாய்கள் இரண்டுக்கு ஐந்து லிட்டர், வெயிலில் இன்னும் அதிகம். கேம்ப்கிரவுண்டில் தண்ணீர் இணைப்பு இல்லாமல் தங்கும் நாட்களுக்கு இதைத் தொட்டிக் கணக்கில் சேருங்கள். தீவனம் வழியில் கிடைக்கும். கிராமப்புறங்களில் டிராக்டர் சப்ளை கடைகள் கைகொடுக்கும், அங்கே ஆர்.வி. நிறுத்த இடமும் இருக்கும், பல கிளைகளில் நாய் குளிப்பாட்டும் வசதியும் உண்டு. மருந்துத் தீவனம் என்றால் மட்டும் முழுப் பயணத்துக்கும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

வண்டிப் படியில் ஏற மறுக்கிறது. என்ன செய்ய?

பெரும்பாலும் படியின் இடைவெளி வழியே தரை தெரிவதுதான் பயம். படிகளில் தரைவிரிப்புத் துண்டைச் சுற்றிக் கட்டுங்கள். வயதான நாய்க்குச் சாய்தளம். 80 பவுண்டைத் தினமும் நான்கு தடவை தூக்கினால் உங்கள் இடுப்பு முதல் வாரத்திலேயே போய்விடும். வீட்டு வாசலில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, உள்ளேயே சில நாள் சாப்பாடு வையுங்கள். அப்புறம் ஓர் இரவு தங்குங்கள், அதற்கப்புறம் ஓட்டுங்கள். வண்டியிலுள்ள புகை அலாரத்தின் பேட்டரியையும் மாற்றுங்கள். நள்ளிரவில் அது போடும் 'கீச்'சுக்குச் சில நாய்கள் நடுங்கிப்போய் அடுத்த நாள் உள்ளே வரவே மறுக்கும்.

நாய் உள்ளிருந்து கதவைப் பூட்டிவிடுமா?

பூட்டும். கதவில் கால் போட்டுத் தாவும் பெரிய நாயின் பாதம் தாழ்ப்பாளில் விழ ஒரு நொடி போதும். மாற்றுச் சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும், வண்டிக்குள் அல்ல.

முடி?

ஏசியின் உள்பக்க வடிகட்டியை வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள். இரண்டு நாய்களின் முடி அதை அடைத்துவிட்டால் காற்று குறைந்து, சுருளில் பனி உறைந்து, ஏசி குளிரூட்டுவதை நிறுத்திவிடும்.